கரும்பலகையும் கைப்பேசியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

ஆசிரியர்களுக்குரிய கருவிகளைப் பற்றி ஒரு மாணவன் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும் என்பதை நான் அறிவேன். ஆயினும் எழுதத் துணிந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நம் கல்லூரியில் பட்டம் பெறும் நண்பர்களில் பலர் அடுத்து பி.எட். படித்து ஆசிரியப் பணிக்குச் செல்லும் எண்ணம் உடையவர்கள். எனவே இக்கட்டுரை நாளைய ஆசிரியர்களுக்கும் உரியது. மற்றொன்று, வகுப்பில் எந்தக் கருவி பாடத்தை விளங்க வைத்தது, எது வெறும் வேடிக்கையாகக் கழிந்தது என்பது எதிரே அமர்ந்திருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாடம் விளங்காத நாளில் வீட்டில் கேட்டுத் தெளிய எவரும் இல்லை. தனிப்பயிற்சிக்குச் செல்லப் பணமும் இல்லை. என்னைப் போன்றோர் நம் கல்லூரியில் மிகப் பலர். எங்களுக்கு வகுப்பறையில் விளங்காதது பிறகு எங்கும் விளங்குவதில்லை. ஆதலால் புதிய கருவி எதுவாயினும் அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சுண்ணக்கட்டியால் காட்ட இயலாத எதை இது காட்டுகிறது? கடைசி வரிசையில் கைப்பேசி இல்லாமல் அமர்ந்திருப்பவனுக்கும் இது சென்று சேருமா? இவ்விரு கேள்விகளையும் உரைகல்லாகக் கொண்டு, இன்று கிடைக்கும் சில கருவிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னர் நடந்த முயற்சிகள்

வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் நுழைவது இன்று புதிதாக நிகழ்வதன்று. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளைக் கடனாகப் பெற்று, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிப் பார்த்தது நம் நாடு. 1984-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி மாணவர்களுக்கெனத் தூர்தர்ஷனில் நாடு தழுவிய வகுப்பைத் தொடங்கியது. கல்விக்கென்றே அமைந்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004-இல் விண்ணில் ஏவப்பட்டது. 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் பிரபா அலைவரிசைகளும், 2019-இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியும் வந்தன.

இவை அனைத்தும் போற்றத்தக்க முயற்சிகளே. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. தொலைக்காட்சி பேசும், மாணவன் கேட்பான். மாணவன் கேள்வி கேட்டால் அதற்குச் செவி இல்லை. அவனுக்கு எந்த இடத்தில் விளங்கவில்லை என்பதும் அதற்குத் தெரியாது. அதை அறியக்கூடியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் ஒருவரே. எனவே நல்ல கருவி என்பது ஆசிரியரின் கண்ணுக்கும் காதுக்கும் துணை செய்வதாக அமைதல் வேண்டும்.

காண இயலாததைக் காண்பித்தல்

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை விளக்கு 'தின்றுவிடுகிறது' என்றும், விளக்கைக் கடந்தபின் மின்னோட்டம் குறைந்துவிடும் என்றும் மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, தொடர்ச் சுற்றில் எங்கு அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றே. விளக்கில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றல். இதைப் பலகையில் எழுதலாம். ஆனால் எலக்ட்ரான்கள் நகர்வதைச் சுண்ணக்கட்டியால் காட்ட இயலாது.

இங்கே துணைக்கு வருவது 'ஃபெட்' என்னும் இலவச இணையதளம். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் இதைத் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றுக்கு உரிய செயல்முறைப் படங்கள் இதில் நூற்றுக்கும் மேல் உள்ளன. மின்சுற்றுப் படத்தில் கம்பி, மின்கலம், விளக்கு ஆகியவற்றை நாமே இணைக்கலாம். எலக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாக, விளக்கிற்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நகர்வதைக் கண்ணால் காணலாம். தேவையான படத்தை ஒருமுறை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டால், பின்னர் இணையம் இல்லாமலே அது இயங்கும். கணிதத்திற்கு இதே போன்று 'ஜியோஜீப்ரா' உள்ளது. ஒரு சமன்பாட்டின் எண்ணை மாற்ற மாற்ற வளைகோடு எவ்வாறு மாறுகிறது என்பதை அதில் உடனுக்குடன் பார்க்கலாம்.

ஆனால் படத்தைக் காட்டினால் மட்டும் போதுமா? போதாது என்கிறது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. வகுப்பில் செய்முறை விளக்கத்தை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பாராத மாணவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் அதிகம் புரிந்துகொள்ளவில்லை. என்ன நிகழும் என்று முன்னரே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களே தெளிவாகப் புரிந்துகொண்டனர். ஆதலால் விசையை அழுத்துமுன், "இரண்டாவது விளக்கைச் சேர்த்தால் முதல் விளக்கின் ஒளி கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? குறிப்பேட்டில் எழுதுங்கள்" என்று ஆசிரியர் கேட்டல் வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். எழுதியவன் விடையை அறியக் காத்திருப்பான். எழுதாதவனுக்கு அது திரைப்படக் காட்சியாகவே கழிந்துவிடும்.

கைப்பேசியே ஆய்வுக்கருவி

இன்றைய கைப்பேசிக்குள் முடுக்கம், காந்தப்புலம், ஒலி முதலியவற்றை உணரும் சிறு உணரிகள் உள்ளன. அவற்றை ஆய்வகக் கருவியாக மாற்றித் தருகிறது 'ஃபைஃபாக்ஸ்' என்னும் இலவசச் செயலி. ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதை 2016-இல் வெளியிட்டது. அளவீடு செய்ய இணையம் தேவையில்லை.

காற்றில் ஒலியின் வேகத்தை அளக்கும் சோதனையை எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன். ஃபைஃபாக்ஸ் உள்ள இரண்டு கைப்பேசிகளை அமைதியான ஓரிடத்தில் 5 மீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். இரண்டிலும் ஒலி நிறுத்துகடிகாரத்தைத் திறக்க வேண்டும். ஓர் ஒலி கேட்டால் அது ஓடத் தொடங்கும். மறு ஒலி கேட்டால் நிற்கும். முதல் கைப்பேசியின் அருகில் நிற்பவர் ஒருமுறை கைதட்ட வேண்டும். சற்றுப் பொறுத்து, இரண்டாம் கைப்பேசியின் அருகில் நிற்பவர் கைதட்ட வேண்டும்.

முதல் கைதட்டல் இரண்டாம் கைப்பேசியைச் சற்றுத் தாமதமாக அடைவதால் அது தாமதமாகத் தொடங்கும். இரண்டாம் கைதட்டல் முதல் கைப்பேசியைத் தாமதமாக அடைவதால் அது தாமதமாக நிற்கும். ஆகவே இரு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் செல்ல எடுத்துக்கொண்ட நேரமாகும். நம் ஊர் வெயிலில், 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், இது ஏறக்குறைய 0.029 விநாடி. பத்தை அந்த எண்ணால் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் என விடை வரும். இரு கைதட்டல்களுக்கும் இடையே எவ்வளவு நேரம் சென்றாலும் விடை மாறுவதில்லை. ஏன் மாறுவதில்லை என்று மாணவர்களைச் சிந்திக்கச் செய்தலே இச்சோதனையின் சிறந்த பகுதி.

ஒத்ததிர்வுக் கம்பம் ஒன்று மட்டுமே உள்ள ஆய்வகத்தில் பலர் வரிசையில் காத்திருப்பதைக் காண்கிறோம். இச்சோதனைக்கு வகுப்பு முழுவதற்கும் நான்கைந்து கைப்பேசிகள் போதும். கைப்பேசி வைத்திருப்பவரையும் இல்லாதவரையும் ஒரே குழுவில் சேர்த்துவிட்டால் எவரும் விடுபட மாட்டார்கள்.

வகுப்பு முழுவதும் விடை சொல்ல

"புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பு ஒரே குரலில் "புரிந்தது" என்கிறது. முன்வரிசையில் நான்கு பேர் சொல்லும் விடையே வகுப்பின் விடையாகிவிடுகிறது. மேலே குறிப்பிட்ட பேராசிரியர் மசூர் 1991-ஆம் ஆண்டு முதல் இதற்கு ஒரு மாற்றுவழியைக் கையாண்டார். நான்கு விடைகள் உடைய கேள்வி ஒன்றைக் கேட்பார். ஒவ்வொருவரும் தாமே சிந்தித்து விடை தருவர். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சரியாகச் சொன்னால் சிறு விளக்கத்துடன் மேலே செல்லலாம். முப்பதுக்கும் குறைந்தால் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும். இடைப்பட்ட நிலையில் இருந்தால், மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மறுபடி விடை தருவர். தோழன் தன் சொற்களில் விளக்குவது மனத்தில் எளிதில் பதிகிறது என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே.

வசதியுள்ள கல்லூரிகளில் இதற்கென மின்னணுப் பொத்தான்கள் உண்டு. நமக்கு ஏற்றது 'பிளிக்கர்ஸ்' என்னும் முறை. இதில் மாணவர் கையில் கைப்பேசி தேவையில்லை. கட்டம் கட்டமான உரு அச்சிட்ட ஓர் அட்டை போதும். அட்டையின் எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறாரோ அதுவே அவர் தரும் விடை. ஒவ்வோர் அட்டையிலும் உரு வேறு வேறாக இருப்பதால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து எழுதுவது கடினம். ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எந்த விடை தந்தார் என்பது பதிவாகிவிடும். அட்டைகளைச் சாதாரணத் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். இணையமே கிடைக்காத இடத்தில், ஆளுக்கு நான்கு வண்ணத் தாள்களைக் கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்தும்படி செய்தாலும் நோக்கம் நிறைவேறும். கூச்சத்தால் வாய் திறவாத மாணவி கையை உயர்த்துகிறாள் அல்லவா, அதுவே இம்முறையின் வெற்றி.

திரையில் என்ன எழுதுவது?

படவீழ்த்தி உள்ள வகுப்புகளில் ஒரு வழக்கம் பரவியுள்ளது. பாடநூலின் பத்தி அப்படியே திரையில் ஏறும். அதை ஒருவர் வாசிப்பார். நாங்கள் பார்த்து எழுதுவோம். படமும் சொல்லும் மனத்தில் எவ்வாறு சேர்கின்றன என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயர். பாடத்திற்குத் தேவையற்ற அலங்காரப் படங்களையும் செய்திகளையும் நீக்கினால் கற்றல் மேம்படும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. படத்தைக் காட்டி வாயால் விளக்கும்போது, அதே வாக்கியங்களைத் திரையிலும் நிரப்புவது உதவிக்குப் பதில் இடையூறாகலாம் என்பது மற்றொன்று. ஆகவே திரையில் படம் இருக்கட்டும்; விளக்கம் ஆசிரியரின் வாயில் இருக்கட்டும்.

ஆனால் கலைச்சொற்களைக் கட்டாயம் எழுத வேண்டும். பள்ளியில் தமிழ் வழியில் 'முடுக்கம்' என்று படித்துவிட்டு வந்தவன், கல்லூரியில் 'ஆக்சிலரேஷன்' என்று கேட்டதும் ஏதோ புதிய பொருள் என்று மயங்குகிறான். தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. பலகையின் ஓரத்தில் அன்றைய கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதி வைத்தால் இத்தடை நீங்கும். தமிழ்ச்சொல் வேண்டுவோர்க்கு அரசின் அகரமுதலித் திட்ட இயக்ககம் நடத்தும் 'சொற்குவை' இணையதளம் உதவும்.

தமிழில் கிடைப்பவை

இணையத்தில் யாவும் ஆங்கிலத்திலேயே உள்ளன என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. அது முழு உண்மையன்று.

2018 முதல் வெளிவந்த தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. ஜப்பானில் 1994-இல் தொழிற்சாலை உதிரிப்பொருள்களை அடையாளம் காண உருவாக்கப்பட்ட குறியீடு, நம் பாடநூலில் காணொளிக்கு வாயிலாயிற்று. 2017-இல் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' செயலியில் பாடப்பொருளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். முதல்நாள் இரவே இதைச் செய்துவிட்டால் வகுப்பில் அலைவரிசைக்காகத் தவிக்க வேண்டியதில்லை.

கணினி மென்பொருள்களைக் கற்க விரும்புவோர்க்கு மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' உண்டு. ஏறத்தாழப் பத்து நிமிடக் காணொளிகள். தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. காணொளியை ஒரு பக்கமும் மென்பொருளை மறுபக்கமும் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தாமே செய்து பார்ப்பது இதன் முறை. பட்டப்படிப்புப் பாடங்களுக்கு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். விரிவுரைகள் உள்ளன.

இலக்கிய மாணவர்க்கு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை, 'கிவிக்ஸ்' என்னும் இலவச மென்பொருளின் துணையால் மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியும். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றினால், இணைப்பே இல்லாத மலையூர்ப் பள்ளியிலும் ஒரு கலைக்களஞ்சியம் திறந்துவிடும்.

தமிழில் வினாத்தாள் தட்டச்சு செய்வோர்க்கு ஒரு சிறு குறிப்பு. பழைய எழுத்துருக்களில் அடித்ததை வேறு கணினியில் திறந்தால் எழுத்துகள் புரியாத குறிகளாக மாறிவிடுகின்றன. ஒருங்குறியில் அடித்தால் எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். 1999-இல் உருவான தமிழ்99 விசைப்பலகை இதற்கு ஏற்றது. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்திருப்பதால் சில நாள் பயிற்சியில் கைவந்துவிடும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், செயற்கை நுண்ணறிவிடம் வினாத்தாள் தயாரித்துக் கேட்பது எளிதாகிவிட்டது. ஒரு பாடத்திற்குப் பத்து வினாக்களின் முதல் வரைவை அது நொடியில் தரும். ஆனால் தவறான விடையையும் சரியான விடையைப் போன்றே அழகாகச் சொல்லிவிடும். கணக்காயின், ஒவ்வொன்றையும் கையால் போட்டுப் பார்த்த பின்னரே வகுப்பிற்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாணவர் பெயர், மதிப்பெண் முதலியவற்றை அதில் இடுதல் கூடாது.

பிறர் உழைப்பைப் பயன்படுத்தும்போது உரிமையையும் எண்ண வேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பாடம் நடத்தும் பொருட்டுப் படியெடுக்க ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடம் தருகிறது. எனினும் எங்கிருந்து எடுத்தோம் என்று அடியில் குறிப்பது பண்பாகும். ஆசிரியர் குறித்தால் மாணவரும் குறிக்கப் பழகுவர்.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை, வீட்டில் கைப்பேசி இருக்கும் என்று எண்ணிப் பணி கொடுப்பது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் பள்ளி மாணவர்கள். வீட்டில் ஒரே கைப்பேசி. அது தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். அவர் திரும்பும்போது அன்றைய பாடமும் முடிந்திருக்கும், நாள்பொதியும் தீர்ந்திருக்கும். இந்நிலை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. விடுபட்ட பாடங்களை ஈடுசெய்ய 2021-இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களை ஊர்களுக்கு அனுப்பியது. கருவி சென்று சேராத இடத்திற்கு ஆள் செல்ல வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. எனவே காணொளியைப் பார்த்து வரும்படி பணி கொடுத்தால், அதைப் பார்க்க நூலகக் கணினியில் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கித் தருவதும் அப்பணியின் பகுதியாக வேண்டும்.

முடிவுரை

இத்தனையையும் ஒரே பருவத்தில் கைக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு பாடத்திற்கு ஒரு கருவி போதும். ஃபெட் படம் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, முதலில் ஊகிக்கச் சொல்லிப் பின்பு காட்டலாம். வாரத்தில் ஒருநாள் வண்ணத் தாள்களால் நான்கு வினாக்கள் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் பலகை ஓரத்தில் ஐந்து கலைச்சொற்கள் எழுதலாம். கடைசியில் சொன்னதற்குக் காசும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

கரும்பலகையை எவரும் கழற்றிவிட வேண்டியதில்லை. மின்வெட்டிலும் அது நிற்கும்; பின்வரிசைக்கும் தெரியும். அது காட்ட முடியாததைக் கைப்பேசி காட்டட்டும். கைப்பேசி கேட்க முடியாததை ஆசிரியர் கேட்கட்டும். மாணவத் தோழர்களே, நாளை நாம் ஒரு வகுப்பின் முன் நிற்கும்போது, வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத ஒரு பிள்ளை நம் எதிரே கட்டாயம் அமர்ந்திருக்கும். அன்றைய பாடம் அப்பிள்ளைக்கு விளங்கிற்றா என்பதைப் பார்த்துவிட்டு மணியடிக்கும் பழக்கத்தை இன்றே வளர்த்துக்கொள்வோமாக.